வானத்து வெள்ளியைப் பார்த்துத் தண்ணீர் முறை பிரிக்கும் வழி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர்களே மிகுதி. கேரளத்துக்குள் இருந்தாலும் கேரளத்தின் பெருமழை இந்தக் கிழக்குப் பகுதிக்குக் குறைவாகவே வந்து சேர்கிறது. மார்கழி தொடங்கிவிட்டால் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். அதன்பின் தென்னைக்கும் நிலக்கடலைக்கும் காய்கறிக்கும் கிணற்று நீரையும், ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப் புழை வழியாக மூலத்தரைக்கு வந்து கால்வாயில் பிரியும் நீரையும் நம்பித்தான் வைகாசி வரை ஓட்ட வேண்டும். அந்த நீர் எவருக்கும் தனியாகச் சொந்தமில்லை. பங்குக் கிணறாயினும் பொதுவாய்க்காலாயினும் முறை வைத்தே பாய்ச்சுகிறோம். அந்த முறையில் பாதி இரவில் வருகிறது. இரவு முறையை, நம் பேச்சில் வெள்ளி எனப்படும் விண்மீன்களைக் கொண்டு அளந்து பிரிப்பது எப்படி என்பதை, இப்போதுதான் தோட்டம் வாங்கியவர்களுக்கும், நகரத்திலிருந்து அப்பாவின் நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்களுக்கும் பயன்படும்படி இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். விண்மீன் மணி சொல்லும் கருவி அன்று; கால அளவைச் சொல்லும் கருவி. இன்று ஒரு வெள்ளி நம் தலைக்கு மேல் வரும் நேரத்தில் நாளை வராது, சுமார் 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஆனால் ஒரு வெள்ளி ஒரு குறியைக் கடந்ததிலிருந்து அடுத்த வெள்ளி அதே குறியைக் கடக்கும் வரை உள்ள இடைவெளி இன்றும் நாளையும் அடுத்த ஆண்டும் ஒன்றுதான். தண்ணீர்ப் பங்குக்கு வேண்டியது இந்த இடைவெளியே. இதை விளங்கிக்கொள்ளாமல் வானத்தில் மணி தேடுபவர்கள், நட்சத்திரம் தவறிவிட்டது என்று ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள்.

இந்த முறை நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. ஓமானுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் பலர் இருக்கிறார்கள். அங்கே மலையடிவாரத்து நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு பேரீச்சந் தோப்புகளுக்குக் கொண்டுவரும் பலஜ் என்னும் கால்வாய்களை அவர்கள் பார்த்திருக்கக்கூடும். அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறத்தாழ 3,000 பலஜ்கள் அந்நாட்டில் இன்னும் ஓடுகின்றன. அரை மணி அளவுள்ள பங்கை அங்கே அதர் என்கிறார்கள். பகலில் நட்டுவைத்த கோலின் நிழலும், இரவில் குறிப்பிட்ட மலைமுகட்டிலோ சுவரிலோ எழும் அல்லது மறையும் விண்மீன்களும் அந்தப் பங்கை அளந்தன. கைக்கடிகாரம் வந்தபின் பெரும்பாலான ஊர்களில் அந்த வழக்கம் குறைந்துவிட்டது. நம் தமிழ்நாட்டு உழவர்களும் கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) பூட்டுவதற்கு வெள்ளி பார்த்தே எழுந்தார்கள். ஆனால் ஓமானியர் செய்ததைப்போல் குறியையும் உட்காரும் இடத்தையும் நிலையாக வைத்துக்கொள்வதுதான் பங்கு பிரிப்பதற்கு உயிரானது என்பதால், அந்த ஒழுங்கை அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள்

வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் பழைய கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே ஒரு நாழிகைக்கு வானம் 6 பாகை நகரும். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை, அதாவது 40 நிமிடம். சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. முட்டி பெரியவருக்குக் கையும் நீளமாக இருப்பதால் இந்த அளவு ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. எனினும் பங்கு பிரிப்பதற்கு முட்டி அளவு போதாது. ஓர் அவசரத்துக்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் 4 நிமிடம் முன்னே வருவதை வாரக் கணக்கில் சொன்னால் சுமார் அரை மணி, அரை மாதத்துக்கு ஒரு மணி, மாதத்துக்கு இரண்டு மணி. இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் வேறு பஞ்சாங்கக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை.

எந்த வெள்ளிகளைக் கற்றுக்கொள்வது

இருபத்தேழு நட்சத்திரங்களையும் படிக்க முயல வேண்டாம். அவற்றில் பல மங்கலானவை. பூசம் நிலவுள்ள இரவில் கண்ணுக்கே தெரியாது. நீர் பாய்ச்சும் பருவத்துக்கு ஐந்து ஒளிகளே போதும்: கார்த்திகை, சிரியஸ், மகம், சித்திரை, கேட்டை.

கார்த்திகையை எல்லோரும் அறிவார்கள்; சிறு வெள்ளிகள் நெருங்கி நிற்கும் கொத்து, அறுமீன் என்று பழையோர் சொன்னது. அதற்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் ஒற்றையாக ரோகிணி வரும். அதற்கும் பின்னால் வரிசையாக மூன்று வெள்ளிகள் சம இடைவெளியில் நிற்கும். இம்மூன்றையும் மிருகசீரிடம் என்று நினைப்பவர்கள் அதிகம். மிருகசீரிடம் அதற்குச் சற்று வடக்கே தலைப்பக்கம் இருக்கும் மங்கலான கூட்டம். திருவாதிரை அதன் அருகே செந்நிறத்தில் ஒளிர்வது. பெயர் எப்படியாயினும் மூன்று வெள்ளி வரிசை நமக்குப் பெரிய உதவி: அதன் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் ரோகிணியும் கார்த்திகையும் வரும், மறுபக்கம் நீட்டினால் வானத்து விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் வரும். அந்த வரிசை ஏறத்தாழ நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைவதால், புதிதாக வாங்கிய நிலத்தில் திசை தெரியாமல் நிற்பவருக்குத் திசையையும் காட்டிக்கொடுக்கும்.

மகம், அரிவாள் வளைவு போல் நிற்கும் கூட்டத்தின் பிடியடியில் இருக்கும் ஒளி. நம் ஊரின் அகலாங்கு ஏறத்தாழ 10.7 பாகை என்பதால் மகம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே செல்லும். சித்திரையைக் கண்டுபிடிக்க, வடக்கே ஏழு வெள்ளியாக நிற்கும் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைத் தொடர்ந்து செல்லுங்கள். முதலில் பொன்னிறச் சுவாதியும் அதே வளைவில் அதற்கப்பால் வெண்ணீலச் சித்திரையும் வரும். கேட்டை தெற்கே, தேள் வடிவத்தின் நெஞ்சில் சிவப்பாக நிற்கும். அதன் இருபுறமும் இரு சிறு வெள்ளிகள் காவல் நிற்பதால் அடையாளம் தவறாது.

விடிவெள்ளியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது விண்மீன் அன்று, வெள்ளிக் கோள். சில மாதம் விடியலிலும் சில மாதம் மாலையிலும் தோன்றி, இடையே காணாமலும் போகும். வியாழனும் செவ்வாயும் சனியும் அவ்வாறே இடம் பெயர்பவை. புதியவர்கள் பெரும்பாலும் வியாழனை ஏதேனும் ஒரு நட்சத்திரம் என்று எண்ணிக்கொள்வார்கள். உயரத்தில் இருக்கும்போது சிமிட்டாமல் நிலையாக ஒளிர்வது கோளாகவே இருக்கும். நிலவையும் நம்ப இயலாது. அது நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னே போகிறது.

எந்த மாதத்தில் எந்த வெள்ளி என்பதற்கு நம் மாதங்களே வழிகாட்டும். முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது; மாதப் பெயர் அந்த முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதிலிருந்து வந்தது; ஆகவே அந்த நட்சத்திரம் அந்த மாதத்தில் நள்ளிரவையொட்டி உச்சிக்கு வரும். கார்த்திகை மாதத்து முதல் வாரத்தில் கார்த்திகையும், மார்கழித் தொடக்கத்தில் மிருகசீரிடமும், தை நடுவில் பூசமும், மாசி பத்தாம் நாள் அளவில் மகமும், பங்குனி முதல் வாரத்தில் உத்திரமும், சித்திரை பிறக்கும்போது சித்திரையும் நள்ளிரவில் உச்சியில் நிற்பதைப் பார்க்கலாம். மலையாள நாட்காட்டியைப் பின்பற்றும் அண்டை வீட்டார் இம்மாதங்களை விருச்சிகம், தனு, மகரம், கும்பம், மீனம், மேடம் என்பார்கள். வானம் இருவருக்கும் ஒன்றே. இங்கு நள்ளிரவு என்பது கடிகாரத்தில் 12:00 அன்று, ஏறத்தாழ 12:23. இந்திய நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 76.8 பாகையில் இருக்கிறோம்.

குறியை அமைப்பது

வேலையின் நெஞ்சு இதுதான். வெள்ளிகளின் பெயர் தெரியாமலும் பங்கு பிரித்துவிடலாம். குறி சரியில்லாமல் பிரிக்க முடியாது.

நம் பகுதியில் பனைக்குக் குறைவில்லை என்பதால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பனைமரத்தை அடையாளமாகக் கொள்வதுதான். மேற்கிலோ கிழக்கிலோ நிற்கும் பனை இதற்கு உதவாது. நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய நம் ஊரில் வெள்ளிகள் கிழக்கில் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுகின்றன, மேற்கில் செங்குத்தாக இறங்குகின்றன. செங்குத்தான மரத்தை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் வெள்ளி எந்த நொடியில் கடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கிழக்குக்கும் மேற்குக்கும் படுக்கையான குறிதான் வேண்டும்: கூரையின் முகடு, மதிலின் மேல்விளிம்பு, தொலைவில் உள்ள குளக்கரை போன்றவை. பனை தெற்குக்கு உதவும். தெற்கே வெள்ளிகள் இடமிருந்து வலமாகக் குறுக்கே போகும். அப்போது செங்குத்தான மரத்தின் விளிம்பு கூர்மையான குறியாகும். மாசி மாத முன்னிரவில் தெற்கே 26 பாகை உயரத்தில் செல்லும் அகத்தியர் நட்சத்திரத்துக்கும் (கனோபஸ்), பங்குனி, சித்திரை மாதங்களில் அதைவிடத் தாழ்ந்து சிலுவை வடிவில் நிற்கும் திரிசங்குவுக்கும் நெடும்பனை பொருத்தமானது. திரிசங்குவின் மேல் வெள்ளியும் கீழ் வெள்ளியும் நிமிர்ந்து செங்குத்தாக நின்றால் அது நேர்தெற்கில் இருக்கிறது என்று பொருள். மார்ச் மாதக் கடைசியில் அது நள்ளிரவில் நிகழும். ஓலையைக் குறியாகக் கொள்ளாதீர்கள், காற்றுக்கு அது அசையும். அடிமரத்தின் விளிம்பையே கொள்ளுங்கள்.

எந்தக் குறியாயினும் பார்ப்பவர் உட்காரும் இடம் கல்லைப் புதைத்து நிலைப்படுத்தியிருக்க வேண்டும். 50 மீட்டர் தொலைவில் உள்ள பனைக்கு, பார்ப்பவர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இத்தகைய தாழ்ந்த தென்வெள்ளிகளின் கணக்கு நாலரை நிமிடத்துக்கு மேலேயே மாறிவிடும். 20 மீட்டரில் உள்ள கூரை முகட்டை ஒருவர் உட்கார்ந்தும் மற்றவர் நின்றும் பார்த்தால் 6 நிமிடம் வரை வேறுபடும். இரு வீட்டாருக்கு இடையே மனக்கசப்பு உண்டாவதற்கு இந்த 6 நிமிடம் தாராளமாகப் போதும்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது கயிற்றுக் குறி. நான் எல்லோருக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். வடக்கு தெற்காக இரண்டு தூண்களை நட்டு, தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஒரு வெண்ணிறக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு 6 மீட்டர் நீளமாவது இருந்தால் கார்த்திகை முதல் கேட்டை வரை எல்லாம் அதற்குள் அடங்கும். திசையைப் பகலிலேயே குறித்துக்கொள்ளலாம்: சமதரையில் ஒரு கோலை நேராக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் குறித்தால், அவற்றை இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு, அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்கு. இரவில் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாம். அது நமக்கு வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில்தான் மங்கலாகத் தெரியும். தென்னை மரங்களைத் தூணாகக் கொள்வது எளிதுதான், ஆனால் காற்றுக் காலத்தில் மரம் ஆடும். கருங்கல் தூண் நல்லது.

கயிற்றின் நடுவுக்கு நேர் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டைக் கயிற்றிலிருந்து தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் இரு கண்களுக்கும் நடுப்புள்ளி வருமாறு மல்லாந்து படுக்க வேண்டும். பின்பு குண்டை எடுத்துவிட்டு ஒரு கண்ணை மூடி, எப்போதும் அதே கண்ணால் பாருங்கள். தலை 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கணக்கில் 4 நிமிடம் பிசகும் என்பதால் தலையணைக்குப் பதில் நடுவில் பள்ளம் வைத்த ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வது நன்று. கிழக்கிலிருந்து வரும் வெள்ளி கயிற்றின் பின்னால் மறைந்து மறுபக்கம் தெரியும் அந்த நேரமே முறை மாறும் நேரம்.

இடைவெளிகள்

உச்சிக் கயிற்றில் கார்த்திகை கடந்ததிலிருந்து ரோகிணி கடக்க 49 நிமிடம், ஏறத்தாழ இரண்டு நாழிகை. ரோகிணிக்குப் பின் மூன்று வெள்ளியின் நடுவெள்ளி கடக்க ஒரு மணி. அந்த மூன்றில் முதலாவது கடந்ததிலிருந்து மூன்றாவது கடப்பதற்கு 9 நிமிடம். நடுவெள்ளியிலிருந்து சிரியஸ் வர 1 மணி 9 நிமிடம். இவற்றைக் கூட்டிப் பாருங்கள்: கார்த்திகையிலிருந்து சிரியஸ் வரை 2 மணி 58 நிமிடம், கிட்டத்தட்ட முழுச் சாமம். அதன்பின் சிரியஸிலிருந்து மகம் வரை 3 மணி 23 நிமிடம், மகத்திலிருந்து சித்திரை 3 மணி 17, சித்திரையிலிருந்து கேட்டை 3 மணி 4. சாமத்துக்குச் சாமம் ஒரு பெரிய ஒளி உச்சிக்கு வரும்படி நம் வறட்சிக் கால வானம் அமைந்திருப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். தை நடுவில், பிப்ரவரி 1ஆம் தேதி, கொழிஞ்சாம்பாறையில் கார்த்திகை இரவு 7:26க்கும், சிரியஸ் 10:24க்கும், மகம் 1:47க்கும், சித்திரை அதிகாலை 5:03க்கும் உச்சிக் கயிற்றைக் கடக்கும். ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம். இருட்டியதும் தொடங்கி விடிவதற்குள் மூன்று பங்குகள் நிறைவாக முடிகின்றன. பங்குனி நடுவில், ஏப்ரல் 1 அளவில், கார்த்திகை மேற்கே சரிந்துவிட்டிருக்கும்; சிரியஸும் மாலை வெளிச்சத்திலேயே உச்சியைக் கடந்துவிடும். அப்போது புனர்பூசத்தின் இரட்டை வெள்ளிகளில் பிந்தி வருவதைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். அது 7:32க்கும், மகம் 9:55க்கும், சித்திரை 1:12க்கும், கேட்டை 4:16க்கும் வரும். இந்த நேரங்கள் நீங்கள் அமைத்த கயிற்றைச் சோதிப்பதற்கே. கைக்கடிகாரத்தை முதல் சில இரவுகள் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கயிறு எப்போதும் ஒரே அளவில் முந்தினால் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிழக்கே சற்று விலகியிருக்கிறது என்று அறிந்து திருத்துங்கள். இடைவெளிகள் சரியாக இருந்து எல்லா வெள்ளியும் ஒரே அளவு முந்தினால் பங்குக்குக் கேடில்லை.

ஒரு குறியின் இடைவெளியை மற்றொரு குறிக்குக் கொண்டுபோகக் கூடாது. கார்த்திகை வடக்கே சாய்ந்து செல்வது, சிரியஸ் தெற்கே சாய்ந்து செல்வது. அதனால் உச்சியில் 2 மணி 58 நிமிடமாக இருக்கும் அவற்றின் இடைவெளி, கிழக்கு அடிவானத்தில் எழும்போது மூன்றரை மணியாகிறது. மதில் விளிம்பைக் குறியாகக் கொண்டவர் அந்த மதிலுக்கென்று தனியே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் அடிவானத்தில் பனிமூட்டம் படிந்து தாழ்ந்த வெள்ளிகளை மறைக்கும் என்பதால், படுக்கைக் குறி அடிவானத்துக்கு மேல் இரண்டு முட்டி உயரத்தில் இருக்குமாறு பாருங்கள்.

பங்கு பிரிப்பது

மூன்று வீட்டாருக்கு மூன்று இடைவெளி என்றால், சிரியஸ் முதல் மகம் வரை பெறுபவருக்கு, கார்த்திகை முதல் சிரியஸ் வரை பெறுபவரைவிட 25 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. இதைக் கணக்குப் போட்டு வெட்டிச் சரிசெய்வதைவிட, வரிசையைச் சுழற்றுவது நல்லது: முதல் முறையில் முதல் இடைவெளி பெற்றவர் அடுத்த முறையில் இரண்டாவதையும் அதற்கடுத்து மூன்றாவதையும் பெற்றால் மூன்று முறைகளில் எல்லோருக்கும் சமமாகிவிடும். பின்னிரவு முறை உறக்கத்தைக் கெடுப்பது. அந்தச் சுமையும் இதனால் பகிரப்படும்.

பங்கு எந்த நொடியில் தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தலைமடையில் திருப்பிய நீர் கடைமடைக்கு வந்து சேர எடுக்கும் நேரம் மண்வாய்க்காலில் கணிசமானது. அந்த நேரம் யாருடைய கணக்கில் சேரும்? கடைமடைக்காரர் தன் பங்கில் பாதியை வாய்க்கால் நனைவதற்கே கொடுத்துவிடுவது நியாயமன்று என்பது என் உறுதியான எண்ணம். வாய்க்கால் நனையும் நேரத்தைப் பொதுவில் வைத்து, நீர் தம் மடையைத் தொட்டபின் வரும் வெள்ளியிலிருந்து பங்கை எண்ணுவதே சரியானது. அதேபோல் முறை முடிந்து மடையை மாற்றியபின் வாய்க்காலில் தேங்கி நிற்கும் நீர் யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடை மாற்றும்போது இருவரும் நேரில் இருப்பது நம் பக்கத்து நல்ல வழக்கம். "அண்ணா, வெள்ளி கயித்தைத் தாண்டிருச்சுங்க, மடையை மாத்திக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டே மண்வெட்டியை எடுக்கிறோம்.

கடிகார முறையையும் வெள்ளி முறையையும் கலக்காதீர்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் பங்கை ஒருவர் 10 மணிக்கென்றும் மற்றவர் சிரியஸுக்கென்றும் நினைத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறைக்குள் இருவர் கணக்கும் அரை மணி விலகியிருக்கும். கால்வாயில் நீர் திறப்பதற்கு அரசு அலுவலர்கள் கடிகார நேரமே அறிவிப்பார்கள். தொடக்கத்தை அவர்கள் சொல்லும் மணிக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் நமக்குள் பிரிப்பதை வெள்ளியால் செய்யலாம்.

மேகமுள்ள இரவுகளுக்கு

நமக்கு நீர் தேவைப்படும் மார்கழி முதல் சித்திரை வரை பெரும்பாலும் வானம் தெளிவாகவே இருக்கும். எனினும் கோடைமழை மேகம் வந்து நடு இரவில் வானத்தை மூடிவிட்டால் என்ன செய்வது? இதற்கு நாழிகை வட்டில் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம். மெல்லிய செம்புக் கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை ஒன்றிட்டு, நீர் நிறைந்த அண்டாவில் மிதக்கவிட்டால் அது மெல்ல நிறைந்து மூழ்கும். கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் கிண்ணம் சரியாக இரண்டு தடவை மூழ்கும்வரை துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள். அப்போது ஒரு மூழ்கல் ஒரு நாழிகைக்குச் சற்றே மிகுதியாக அமையும். கலங்கிய வாய்க்கால் நீரைப் பயன்படுத்தினால் துளை அடைபடும். வடிகட்டிய கிணற்று நீரையே ஊற்றுங்கள்.

இரவில் தோட்டத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அது கெட்டுவிடும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வரப்பில் நடக்கும்போது முழு வெளிச்சத்துடன்தான் நடக்க வேண்டும். ஈரமான வரப்புகளில் பாம்பு படுத்திருக்கும், முழங்கால் வரை மூடும் காலணி கட்டாயம். மோட்டார் அறையில் ஈரக்கையுடன் சுவிட்சைத் தொடக் கூடாது. மலையடிவாரத் தோட்டங்களுக்குக் காட்டுப்பன்றியும், வாளையாறு பக்கத்துக்கு யானையும் வரும் என்பதால் அங்கே கட்டிலைத் திறந்தவெளியில் போடாமல், வீட்டு மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டிக்கொள்வதே நல்லது.

ஞாற்றுவேலையைப் பற்றி ஒரு சொல்

மலையாள உழவர்கள் திருவாதிரை ஞாற்றுவேலை, ரோகிணி ஞாற்றுவேலை என்று சொல்வதைக் கேட்டு, அதுவும் இந்த வெள்ளிக் கணக்கும் ஒன்றென்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஞாற்றுவேலை என்பது சூரியன் ஒரு நட்சத்திரப் பகுதியில் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாள். அந்த நாட்களில் அந்த நட்சத்திரம் சூரியனோடு பகலில் இருப்பதால் இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஜூன் பின்பகுதியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலை மரக்கன்றும் கொடியும் நடுவதற்குச் சிறந்த காலமென்று கேரளம் முழுவதும் நம்புகிறது; அப்போது நாமும் நடுகிறோம். நடவுக்கு அது, இரவுப் பங்குக்கு இது.

எழுதி வைப்பது

முடிவான ஏற்பாட்டை ஒரே தாளில் எழுதி, பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கயிறு கட்டிய தூண்களின் இடம், படுக்கும் இடத்தின் அடையாளக் கல், எந்த மாதத்தில் எந்த வெள்ளியிலிருந்து எந்த வெள்ளி வரை யாருக்கு, சுழற்சி வரிசை, வாய்க்கால் நனையும் நேரம் யார் கணக்கு, மேகமூட்டத்தில் எத்தனை வட்டில் ஆகியவை இருக்க வேண்டும். பங்காளிகளில் மலையாளம் மட்டும் படிப்பவர் இருந்தால், அதே தாளின் பின்பக்கத்தில் மலையாளத்திலும் எழுதி, கயிற்றுக்கடியில் அவருடன் ஓர் இரவாவது படுத்து ஒவ்வொரு வெள்ளியையும் விரலால் காட்டிவிடுங்கள். தூண் சாய்ந்தோ, புதிதாக வளர்ந்த தென்னை குறியை மறைத்தோ மாற்றம் வந்தால், பழைய தாளைத் திருத்தாமல் தேதியிட்டுப் புதுத் தாள் எழுதி மீண்டும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.